பத்தொன்பதாவது கால்

மூலக்குளம்
5.12.2006

அன்புள்ள அஞ்சலிக்கு,

நான் கூப்பிட்டால் போனைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். அவர்களும் பாவம், "அவ தூங்குறா தம்பி" என்று காலை பத்து மணிக்குச் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீதான் பிரிக்க வேண்டும்.

அடக்கத்தன்று ஐஸ் கம்பெனி முதலாளி முசே பிரான்சுவா உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் அவசரப்பட்டுட்டான்மா, மெஷின நிறுத்தாம கைய வுட்டுட்டான்" என்று சொன்னார். நான் தலையாட்டினேன் என்கிறாய். தலையாட்டவில்லை அஞ்சலி, குனிந்துகொண்டேன். ஆரோக்கியத்தின் பெட்டி பக்கத்தில் இருந்தது. மறுத்துப் பேச என் கையில் எதுவும் இல்லை. நீ அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரைக்காலுக்குப் போய்விட்டாய்.

மேஸ்திரி தெய்வசிகாமணியை நேற்றுத் தேங்காய்த்திட்டில் பார்த்தேன். அவர் சொல்வது இதுதான்: உடைக்கிற மெஷினுக்குள் ஐஸ் பாளம் ஒன்று சிக்கிக்கொண்டது. ஆரோக்கியம் மூடியைத் திறந்து, கம்பியால் நெம்பினான். பிறகு கையை விட்டான். உருளை சுற்றிவிட்டது. "ஸ்டாப்ப அமுக்கினானான்னு நான் பாக்கல சார். அமுக்கியிருந்தா எப்பிடி சுத்தும்?" என்று என்னையே கேட்கிறார்.

மூடி திறந்திருந்தால் உருளை சுற்றக் கூடாது. ஸ்டாப்பை அமுக்காவிட்டாலும் சுற்றக் கூடாது. அதற்காகத்தானே நீ வரைந்து, நான் செய்து, மெஷினுக்கு அந்த கன்ட்ரோல் போர்டை மாட்டினோம்? அந்த நம்பிக்கையில்தானே உன் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன்?

பட்டறையைத் திறக்கவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

ஆனந்த்


காரைக்கால்
11.12.2006

ஆனந்துக்கு,

சாப்பிடுகிறேன். அம்மாதான் சாப்பிடுவதில்லை.

நீங்கள் குனிந்தீர்களா, தலையாட்டினீர்களா என்பதை நான் இனி கேட்கப்போவதில்லை. அந்த ஆள் என் தம்பியைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் போனார். மூன்று மழைக்காலமாக அந்த மெஷினைப் பார்த்துக்கொண்ட நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிவது இவ்வளவுதான்.

அம்மா தினமும் இதையே கேட்கிறாள். "எம்புள்ள அவசரக்காரனாடி? செருப்பக் கூட ஒழுங்கா வாசல்ல வரிசையா வுடுவானே, அவனா நிறுத்தாம கைய வுடுவான்?" இருபத்து நான்கு வயசுப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளுக்கு இப்போது வேண்டியது இது ஒன்றுதான். அவன் ஒழுங்காகத்தான் இருந்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். அதை நிரூபிக்க உங்களைத் தவிர ஆள் இல்லை.

போர்டைக் கழற்றி வாங்குங்கள். டிராயிங் என்னுடையது, வயரிங் உங்களுடையது. இரண்டில் ஒன்று பொய் சொல்லியிருக்கிறது. எது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். நானாக இருந்தாலும் பரவாயில்லை.

போன் செய்யாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நான் கேட்க நினைத்ததைக் கேட்க மாட்டேன்.

அஞ்சலி


மூலக்குளம்
20.12.2006

அன்புள்ள அஞ்சலிக்கு,

போர்டு கிடைத்துவிட்டது. புது மெஷின் வரப்போகிறதாம், அதனால் தெய்வசிகாமணி எதுவும் கேட்காமல் ஒரு சாக்குப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். போர்டை வாங்கும்போது உருளையைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். கழுவிவிட்டிருக்கிறார்கள்.

அத்தைக்கு இதைப் படித்துக் காட்டு. அவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

அத்தை, அந்த போர்டில் சில கம்பிகள் சேர்ந்த ஒரு பொது வழி இருக்கிறது. இரண்டு சிப்புகள் அந்த வழியில்தான் சேதி போடும். ஒரு சிப் சுவிட்சுகளின் சேதியைச் சொல்லும்: ஓடு, நில். இன்னொரு சிப் மூடியின் சேதியைச் சொல்லும்: திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது. நடுவில் இருக்கும் பெரிய சிப் முதலில் ஒருவரைக் கேட்கும், பிறகு மற்றவரைக் கேட்கும். கேட்கப்பட்டவர் மட்டும்தான் பேச வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால், அதே கம்பியில் ஒருவர் ஆமாம் என்றும் ஒருவர் இல்லை என்றும் இழுப்பார்கள். இரண்டு சிப்பும் சூடேறும். பெரிய சிப்புக்கு என்ன போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது நடக்கக் கூடாது என்றுதான் அஞ்சலி ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். மூடிச் சிப்புக்கு இருபது கால்கள். பத்தொன்பதாவது கால்தான் அதற்குப் பேச அனுமதி கொடுக்கும் கால். அந்தக் காலுக்கு வரும் வயரை, மூடிக்குப் போகும் கேபிள் வழியாகவே போய்த் திரும்பும்படி விட்டாள். கேபிள் கழன்றால் அனுமதி வராது. சிப் வாயை மூடிக்கொள்ளும். மூடி திறந்திருக்கிறது என்றே பெரிய சிப் எடுத்துக்கொள்ளும். மெஷின் நின்றுவிடும்.

அஞ்சலி, கேபிள் கனெக்டர் பச்சை பூத்துக் கிடக்கிறது. உப்புக் காற்று. அசைத்தால் விட்டுவிட்டு வருகிறது. ஆனால் விட்டாலும் மெஷின் நிற்கத்தானே வேண்டும்? அதுதான் புரியவில்லை. சிப்புகள் மேலெல்லாம் வார்னிஷும் அழுக்குமாக எழுத்தே தெரியவில்லை. நாளைக்குத் துடைத்துவிட்டு, இராமதாஸ் கடையில் புதுக் கனெக்டர் வாங்கி ஓட்டிப் பார்க்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டவில்லை. தெருவில் நம் வீடு மட்டும் இருட்டாக இருக்கிறது. ஆரோக்கியம்தான் ஏணி போட்டுக் கட்டுவான். நீ கீழே நின்று திட்டிக்கொண்டே இருப்பாய்.

ஒன்று மட்டும் அத்தையிடம் உறுதியாகச் சொல். அவன் அவசரப்பட்டிருக்க மாட்டான்.

ஆனந்த்


மூலக்குளம்
2.1.2007

அஞ்சலிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். வயரிங்தான் தப்பு. மூடிக்குப் போகும் கேபிளில் இரண்டு வயர்களை நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். உன் டிராயிங்கில் பிழை இல்லை. ஆரோக்கியம் மேலும் பிழை இல்லை. அவன் ஸ்டாப்பை அமுக்கித்தான் மூடியைத் திறந்திருப்பான்.

அத்தையிடம் அப்படியே சொல்லிவிடு. முசேவிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். இனி யாரும் அவனைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

வேறு எதுவும் கேட்காதே.

ஆனந்த்


காரைக்கால்
9.1.2007

சொல்லிவிட்டேன்.

அம்மா முதலில் மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "எம்புள்ள தப்பு பண்ணல, எம்புள்ள தப்பு பண்ணல" என்று பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு ஒரு வாய் சோறு சாப்பிட்டாள். பிறகுதான் மற்றது அவளுக்கு உறைத்தது. "அப்ப அவன்தானா? எம்பொண்ணக் குடுத்தேனே, அவன்தானா?" என்றாள். இதுவரை உங்களை அவன் என்று அவள் சொன்னதில்லை.

இரண்டு வயர்கள். மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று ஒவ்வொரு போர்டுக்கும் நான் கேட்பேன். "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்பீர்கள். இதையும் அப்படித்தான் பார்த்தீர்களா?

எனக்கு உங்கள் மேல் வரும் கோபத்தை எழுதத் தெரியவில்லை. எழுதிக் கிழித்துவிட்டேன். என் தம்பி உங்களை மாமா மாமா என்று சுற்றி வந்தவன். என்னிடம் கேட்காததைக்கூட உங்களிடம் கேட்பான்.

அந்த போர்டை எனக்கு அனுப்புங்கள். கேபிளோடு. மாற்றிப் போட்ட அந்த இரண்டு வயர்களை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகு நமக்குள் பேச ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யோசிக்கிறேன்.

நீங்கள் இங்கே வராதீர்கள். அம்மா தாங்க மாட்டாள்.

அஞ்சலி


மூலக்குளம்
17.1.2007

அஞ்சலிக்கு,

போர்டை அனுப்பியிருக்கிறேன். கேபிளை வெட்டி எறிந்துவிட்டேன், மன்னித்துக்கொள். பார்த்துக்கொண்டு வைத்திருக்க முடியவில்லை.

பட்டறையை மூடுகிறேன். கடலூர் துறைமுகத்தில் நம் போர்டு மாட்டியிருக்கும் இரண்டு ஐஸ் கம்பெனிகளுக்கும் போய், அவை வேலை செய்யாதபடி கழற்றிவிட்டு வந்தேன். அவர்கள் திட்டினார்கள். திட்டட்டும்.

அத்தைக்கு மழைக்காலத்தில் முட்டி வலிக்கும். அந்தத் தைலம் இங்கே அலமாரியிலேயே இருந்தது, பார்சலில் வைத்திருக்கிறேன். நான் அனுப்பியது என்று சொல்லாதே.

ஆனந்த்


காரைக்கால்
31.1.2007

ஆனந்துக்கு,

இங்கே பாலிடெக்னிக்கில் சின்னம்மா மகள் வேலை செய்கிறாள். லேபில் ஒரு மூலை கொடுத்தாள். உங்கள் போர்டை அங்கே வைத்து, புதுக் கேபிள் செய்து மாட்டி, மாணவர்கள் எல்லாம் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் என் கோபத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். வயர்களை மாற்றிப் போட்டிருந்தால் அந்த மெஷின் முதல் நாளே ஓடியிருக்காது. மூன்று மழைக்காலம் ஓடியது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். துக்கத்தில் தோன்றவில்லை.

போர்டில் உங்கள் வயரிங் எல்லாம் சரி. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பத்தொன்பதாவது கால் மேலேயே, அதாவது அனுமதி இல்லாத நிலையிலேயே, நின்றது. மூடிச் சிப் வாயை மூடிக்கொண்டது. மோட்டாரை ஓட்டிவிடும் ரிலே ஒரு தடவைகூட இழுக்கவில்லை. நான் வரைந்தபடியே எல்லாம் நடந்தது. அப்படியானால் என் தம்பி எப்படிச் செத்தான்?

பிறகு சிப்புகளைச் சாக்கெட்டிலிருந்து எடுத்தேன். சுவிட்ச் பக்கத்துச் சிப்பின் முதுகு பழுப்பேறியிருக்கிறது. அதன் சாக்கெட்டும் வெந்திருக்கிறது. மூடிப் பக்கத்துச் சாக்கெட்டும் வெந்திருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சிப் மட்டும் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தது போலப் பளபளக்கிறது. மற்ற எல்லாவற்றின் மேலும் வார்னிஷ் இருக்கிறது, அதன் மேல் இல்லை.

இரண்டு சிப்புகள் ஒரே கம்பிக்காகப் பல நாள் இழுத்துக்கொண்டிருந்திருக்கின்றன. அதில் ஒன்றை நீங்கள் எடுத்துவிட்டு, நம் அலமாரியிலிருந்து வேறு ஒன்றை வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்தச் சிப் எங்கே? அதன் மேல் என்ன எழுதியிருந்தது? செய்யாத தப்பைச் செய்தேன் என்று எதற்காகச் சொன்னீர்கள்?

யாரையோ மறைக்கிறீர்கள். கடைக்காரரையா, தெய்வசிகாமணியையா? அவர்களுக்காக என் அம்மாவின் சாபத்தை வாங்கிக்கொள்ளும் ஆள் இல்லை நீங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லுங்கள்.

அஞ்சலி


மூலக்குளம்
8.2.2007

அன்புள்ள அஞ்சலிக்கு,

உன்னிடம் போர்டைக் கொடுத்து ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன். வார்னிஷ் பூசக்கூட மறந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அத்தை இல்லாத இடத்தில் படி.

அன்றைக்கு அழுக்கைத் துடைத்தபோது மூடிச் சிப்பின் மேல் எச்.சி. என்று இருந்தது. நாம் வைத்தது எல்.எஸ். ரகம். மற்ற எண்கள் எல்லாம் ஒன்றுதான். இருபது கால்கள், அதே வேலை. கேபிள் ஒழுங்காக இருக்கும்வரை ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் எல்.எஸ்.ஸின் காலை வயர் எதுவும் சேராமல் சும்மா விட்டால் அது தானாக மேலே நிற்கும். எச்.சி.யின் காலைச் சும்மா விட்டால் அது எங்கேயும் நிற்காது. ஈரம் பட்டால், பக்கத்தில் மோட்டார் ஓடினால், மேலே போகும், கீழே வரும். கீழே வந்தாலே அதற்குப் பேச அனுமதி. கனெக்டர் விட்டுப்போன நேரத்தில் அந்தச் சிப் கேட்காதபோதெல்லாம் பேசியிருக்கிறது. மூடி மூடியிருக்கிறது என்று பேசியிருக்கிறது. சுவிட்ச் சிப்போடு மோதி, யாரும் அமுக்காத ஸ்டார்ட்டை அமுக்கியதாகக் காட்டியிருக்கிறது. மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கேபிளை விட்டுவிட்டுக் கையைக் கிட்டே கொண்டுபோனாலே ரிலே இழுத்தது. இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

இராமதாஸ் கடைக்குப் போய், இந்தச் சிப்பை யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"ஒங்க மச்சான்தான் சார். செப்டம்பர்ல வந்துச்சு. கையில எரிஞ்சுபோன சிப்பு. கடலுக்குப் போற பத்து போட்டு ஐஸுக்கு நிக்குது, மேஸ்திரி கத்துறார்னுச்சு. எல்.எஸ். இல்லப்பா, எச்.சி.தான் இருக்குன்னேன். நம்பரு ஒண்ணுதானே அண்ணேன்னுச்சு. நம்பரு ஒண்ணுதான், எதுக்கும் சாரக் கேட்டுக்கன்னேன். அக்காவும் மாமாவும் வேளாங்கண்ணிக்குப் போயிருக்காங்க, ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு பேரும் கெளம்பியிருக்காங்க, இதுக்குப் போயி அவங்களக் கூப்புட வேணாம்னுச்சு."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆரோக்கியமும் தப்பாக எதுவும் செய்யவில்லை. மாற்றி, ஓட்டிப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடி மேலே வார்னிஷும் பூசியிருக்கிறான். நாம் திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்மிடம் சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது.

அத்தைக்கு அவன் ஒழுங்காக இருந்தான் என்று தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் என்ன எழுதுவது? அவன் கையாலேயே அதை மாட்டினான் என்றா? என் பேரைப் போட்டால் அத்தை என்னைத் திட்டுவார்கள். அவன் பேரைப் போட்டால் அவர்கள் யாரைத் திட்டுவார்கள்?

உன்னை இழந்துவிடுவேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

ஆனந்த்


காரைக்கால்
22.2.2007

அன்புள்ள ஆனந்த்,

உங்கள் கடிதத்தைக் கடற்கரையில் வைத்துப் படித்தேன். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தொழில். அந்தக் காலை நான் சும்மா விட்டிருக்கக் கூடாது. எல்.எஸ்.தானே, தானாக மேலே நிற்கும் என்று விட்டேன். காலையும் பவரையும் சேர்த்து ஒரு ரெசிஸ்டர், அரிசி அளவுக்கு ஒன்று போட்டிருந்தால், எந்தச் சிப் வந்து உட்கார்ந்தாலும் கால் மேலேதான் நின்றிருக்கும். ஆகவே இதில் உங்கள் பேர் மட்டும்தான் எங்கேயும் இல்லை. இதோடு புது டிராயிங் வைத்திருக்கிறேன். மூடி திறந்ததும் மோட்டாருக்குப் போகும் கரண்டையே நேராக அறுக்கும் சுவிட்ச் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். எந்தச் சிப்பையும் கேட்க வேண்டியதில்லை. கடலூர்க்காரர்கள் திட்டினாலும் அந்த இரண்டு போர்டையும் இப்படி மாற்றிக் கொடுங்கள். பட்டறையை மூடாதீர்கள்.

இப்போது அம்மா.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கடற்கரையிலிருந்து எழுந்து வந்தேன். உங்களை அவள் திட்டுவதை இனி ஒரு நாளும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. வீட்டுக்குள் வந்தால் அவள் ஆரோக்கியத்தின் பள்ளிக்கூடப் போட்டோவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ பாந்தமா நிக்கிறான் பாரு" என்றாள். நான் கை கழுவப் போய்விட்டேன்.

நேற்றுச் சாம்பல் புதன். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம். வழியில் அம்மா நின்றுவிட்டாள். முட்டி வலிக்கிறதோ என்று கையைப் பிடித்தேன். அவள் சொன்னாள்:

"மாப்பிள்ளைக்கு ஒரு கடுதாசி போடு. நான் மன்னிச்சிட்டேன்னு எழுது. வேணும்னா செஞ்சிருப்பாரு? அவரும் அவன் மேல உசுரா இருந்தவருதான். சாமி முன்னாடி சொல்லிட்டேன், இனிமே திட்ட மாட்டேன். ஆனா மூஞ்சிய மட்டும் பாக்கச் சொல்லாத. பாத்தா எம்புள்ளதான் நெனப்புக்கு வருவான்."

அந்தத் தெருவில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் வரை வந்தது. அவள் முகம் தெளிவாக இருந்தது ஆனந்த். நவம்பருக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். நீங்கள் போட்டுக்கொண்ட பேரை நீங்களேதான் சுமக்க வேண்டும். எடுத்து மாற்றும் தைரியம் எனக்கு இல்லை.

அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் அங்கே வர முடியாது. உங்களை இங்கே வரச் சொல்லவும் முடியாது. எவ்வளவு காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். அதை எண்ண ஆரம்பித்தால் என் அம்மாவின் ஆயுசை எண்ணுவதாக ஆகிவிடும்.

அவள் சொன்னதை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இதை உங்களுக்கு எழுதும்போது என் கை கூசுகிறது.

உங்கள்
அஞ்சலி


மூலக்குளம்
1.3.2007

அன்புள்ள அஞ்சலிக்கு,

டிராயிங் கிடைத்தது. திங்கட்கிழமை கடலூர் போகிறேன். பட்டறையைத் திறந்துவிட்டேன். தெய்வசிகாமணிகூட வந்து, புது மெஷினையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார். முசேவுக்குத் தெரியாமல்தான். அங்கே இப்போது வேலை செய்பவன் பேர் கன்னியப்பனாம். போவேன்.

நீ அங்கேயே இரு. நீ இங்கே வந்து அத்தை அங்கே தனியாக இருந்தால் எனக்கும் சோறு இறங்காது. கடிதம் மட்டும் நிறுத்தாதே.

அத்தை மன்னித்ததை வாங்கிக்கொண்டேன் என்று அவர்களிடம் சொல். கேட்டால், படித்துவிட்டு அழுதேன் என்றும் சொல். அது பொய் இல்லை.

ஆனந்த்